தேடவில்லை என்று பதிந்தேன்

வேலை கேட்டு என் கையைப் பிடித்த ஒருத்தியை, வேலை தேடாதவள் என்று பதிந்தவள் நான். தவறுதலாக அல்ல... தெரிந்தே செய்தேன்!

வீடு வீடாகச் சென்று, யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டுக் கைக்கணினியில் பதிவதே என் வேலை. அதுவும் ஒப்பந்த வேலை. உத்தரகோசமங்கைப் பக்கம் மழையை நம்பிக் கிடக்கும் எங்கள் குடும்பத்தில், மாதம் தவறாமல் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்தான். இதைக் காரணமாகச் சொல்லவில்லை; நீங்கள் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

தீவிலிருக்கும் தங்கச்சிமடத்தில் அந்த வீட்டுக்குப் போனபோது அந்தோணி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. ஆட்கள் திரும்பி வந்தார்கள்; படகு வரவில்லை.

போன வாரம் ஒருமணி நேரமாவது ஏதாவது வேலை பார்த்தாரா என்று கேட்டேன். ஒருநாள் காலையில் கரைவலை இழுத்ததாகவும், பங்காகக் கொஞ்சம் மீன் கிடைத்ததாகவும் சொன்னார்.

"அப்ப உங்களுக்கு வேலை இருக்குன்னுதான் பதியணும்ணே."

"வேலை இருக்கா? பொழப்பில்லாமத்தானம்மா இங்கன உக்காந்திருக்கேன்!"

விதி அப்படித்தான். ஒருமணி நேரம் உழைத்திருந்தாலும் அந்த வாரத்துக்கு அவர் வேலை உள்ளவர். அதில் என் குற்றம் எதுவும் இல்லை. என் குற்றம் அடுத்த கேள்வியில் தொடங்கியது...

அவர் மனைவி ஜெபமேரி. கணிதத்தில் பட்டம் பெற்றவள். வேலை பார்த்தாயா என்றேன், இல்லை என்றாள். வேலை தேடினாயா என்று கேட்க நான் வாயெடுக்கும் முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க ஆபீஸ்ல எதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்கக்கா. காரங்காடோ தொண்டியோ, எங்கன போகச் சொன்னாலும் போறேன்."

தெரிந்தவரிடம் வேலை கேட்பதும் தேடுவதுதான். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பாடம் இது! அந்தக் கணத்தில் என் கண்ணெதிரே அவள் வேலை தேடினாள்.

ஓர் இடமும் காலியாக இருந்தது. "தீவுப் பக்கம் படிச்ச பொண்ணு இருந்தா சொல்லும்மா" என்று மேலாளர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். இவளோ என்னைவிடப் படித்தவள், இந்த மண்ணிலேயே இருப்பவள். இவள் உள்ளே வந்தால் ஒப்பந்தம் முடியும்போது யாரை வைத்துக்கொள்வார்கள்?

"இல்லம்மா, இப்ப ஆள் எடுக்கல" என்றேன்.

'தேடினார்' என்று பதிந்தால், எப்படித் தேடினார் என்று அடுத்த கேள்வி வரும். என்னிடம்தான் கேட்டாள் என்று என் விரலாலேயே எப்படிப் பதிவேன்? 'தேடவில்லை, வீட்டு வேலை' என்று அழுத்தினேன். அவ்வளவுதான்! வேலையில்லாதவர் கணக்கிலும் அவள் இல்லை, வேலைக்குத் தயாராக இருப்போர் கணக்கிலும் இல்லை. அவள் இல்லாமலேயே வேலையின்மை விகிதம் சரியாக வந்துவிடும்.

வேலையின்மைக்குக் காரணம் எது என்று யாரைக் கேட்டாலும் படகைச் சொல்வார்கள், கடலைச் சொல்வார்கள், ஆலை ஒன்றும் வராத மாவட்டத்தைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு வீட்டில், அன்றைக்கு, காரணம் நான் இல்லையா?

சில மாதங்கள் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி போக வேண்டியிருந்தது. காலி இடத்துக்கு மதுரையிலிருந்து ஒருவர் வந்துவிட்டிருந்தார். அந்தோணி படகு வேலை தேடிக் கேரளா போயிருந்தார். ஜெபமேரி மட்டும் இருந்தாள். வேலை தேடினாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா, தேடல. கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமாப் போச்சு."

இம்முறை நான் பதிந்தது அப்பட்டமான உண்மை.

எழுந்தபோது அவள் கேட்டாள்:

"நீங்க எப்படிக்கா இந்த வேலைக்கு வந்தீங்க?"

எங்கள் ஊருக்குக் கணக்கெடுக்க வந்த ஓர் அக்கா, "ஆள் எடுக்குறாங்க, போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்பியதால் வந்தேன். அந்த அக்காவுக்கு என்னை யாரென்றே தெரியாது.

"விளம்பரம் பாத்து" என்றேன்.

"கொடுத்து வச்சவுகக்கா நீங்க" என்றாள். பொறாமையில்லாமல், சிரித்துக்கொண்டே!

இப்போது மீண்டும் ஆள் எடுக்கிறார்கள். அவள் எண் என் கைப்பேசியில் இருக்கிறது. அழைத்தால், அவள் இங்கே வருவாள். வந்தால், அன்றைக்கும் ஓர் இடம் காலியாக இருந்தது என்று யாராவது பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லிவிடுவார்கள். நான்கைந்து முறை அவள் பெயரை எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

உங்களிடம் சொல்ல முடிகிறது, பாருங்கள்... அவளிடம் சொல்ல முடியவில்லை. விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை.