உள்பக்கமாகத் திறக்கிற கதவு

அன்று காலை பத்தரை மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே நான் பத்திரம் எழுதும் கடையில் ஒரு கிரையப் பத்திரத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். இராஜபாளையத்திலிருந்து முருகேசன் போனில் கூப்பிட்டான். அங்கே எனக்கு ஒரு வீடு உண்டு. அதை ஜெய்லானி பாய்க்கு வாடகைக்கு விட்டிருந்தேன். முருகேசன் பக்கத்து வீட்டுக்காரன்.

"அண்ணே, பாய் பாத்ரூமுக்குள்ள விழுந்துட்டாவ. உள்ள தாழ்ப்பா போட்டிருக்கு. கதவ உடைக்கலாமான்னு அக்கா ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாவ."

"ஏலே, கேக்க என்னல இருக்கு, உடை!" என்று கத்தினேன். வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது ஜெய்லானி வைத்திருந்த சட்டம். அவர் மனைவி ஆமினா அந்த நேரத்திலும் அதை மீறவில்லை.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கதவு முற்றத்தில் கிடந்தது. தகரம் அடித்த பழைய கதவு. உள்பக்கமாகத் திறக்கிறது. அவர் அதை ஒட்டியே விழுந்துகிடந்ததால் தாழ்ப்பாள் தெறித்த பிறகும் கதவு நகரவில்லை. நிலையோடு சேர்த்துக் கடப்பாரையால் பெயர்த்துத்தான் அவரை வெளியே எடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அது வழக்கமாகச் சொல்வதுதான் என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள்.

இந்த இரண்டு ஊர்களிலும் வீடு விற்ற, வாங்கிய உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தொழில் வீட்டுத் தரகு. மற்ற தரகர்களுக்கு நாக்குதான் முதலீடு. இவர் தோள்பையில் ஸ்குரூ டிரைவர், இரண்டு பல்பு, கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டு எப்போதும் இருக்கும். விலை போகாத வீடென்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். "பெருசா ஒண்ணும் இடிக்க வேண்டாம்ணே. கண்ணை உறுத்துறத எடுத்துரணும், கை படுறத மாத்திரணும்" என்பார். கை படுவது என்றால் சுவிட்சு, குழாய், கைப்பிடி, தாழ்ப்பாள். அதை மட்டும் மாற்றிவிட்டு வாசல் கேட்டுக்கு ஒரு பூச்சு அடித்தால் போதும், அதுவரை மூக்கைச் சுளித்தவர்கள் அட்வான்ஸோடு வருவார்கள்.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. "ஊர்ல உள்ள வீட்டையெல்லாம் பாத்தாரு, தான் இருக்க வீட்டைப் பாக்க மறந்துட்டாரே." கேட்க நன்றாக இருக்கிற பேச்சு. நானும் தலையாட்டினேன். ஆனால் அது பொய். பொய் என்று அன்று தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், உட்கார்ந்தும் சுற்றி வளைக்கிறேன்.

மாடவீதிக்குப் பின்னால் வரதராஜன் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். கோவிலோடு தலைமுறை தலைமுறையாகத் தொடர்புள்ள குடும்பம். ஓய்வு பெற்றபின் மகனோடு பெங்களூரில் போய் இருக்கலாம் என்று வீட்டை விற்க வந்தார். ஒரு வருஷமாகியும் விலை படியவில்லை. ஜெய்லானி என்னையும் கூட்டிக்கொண்டு போய் மாடி அறையில் ஐந்து நிமிஷம் நின்றார். பிறகு என்னை ஒரு கை பிடிக்கச் சொல்லி அங்கிருந்த பீரோவை நகர்த்தினார். பின்னால் ஒரு ஜன்னல். பெயிண்ட் ஒட்டி இறுகிப்போயிருந்ததை நெம்பித் திறந்தார். ஆண்டாள் கோவில் கோபுரம் மொத்தமாக உள்ளே வந்துவிட்டது. வாத்தியார் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதை மொதல்லயே பண்ணியிருந்தா நான் ஏன் விக்கப்போறேன், பாய்?" என்றார்.

ஆனாலும் விற்றார். கேட்டதற்கு மேலேயே விலை கிடைத்தது. அந்த வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது ஜெய்லானி என்னிடம் சொன்னார்: "நம்மாளு வீட்டை விக்கும்போதுதான்ணே அதுக்கு நல்லது செய்யுதான். இருக்குற வரைக்கும் செய்ய மனசு வரமாட்டேங்கு." எனக்குச் சொன்னதாக நான் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை.

குளியலறைக் கதவில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அவர் கைபட்ட எந்த வீட்டிலும் அந்தக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றிவிடுவார். வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும் பூட்டு ஒன்றைப் பொருத்துவார். வாங்க வருகிறவர்கள் முன்னால் தானே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, "இப்ப நான் மயங்கிட்டேன், தொறங்க பாப்போம்" என்று சத்தம் கொடுப்பார். வீட்டம்மா சிரித்துக்கொண்டே ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்புவார். உள்ளே இவர் கண்ணை மூடி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். "கூத்தாடி வேலை" என்று நான் கேலி செய்வேன். "வீட்டை விக்கிறவன் செவரப் பாப்பான், வாங்குறவன் கக்கூஸப் பாப்பான்" என்பார்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவை மாற்ற அவர் என்னிடம் மூன்று தடவை கேட்டார். முதல் தடவை, ஆமினாவுக்கு முழங்கால் முடியவில்லை, வழுக்கினால் சிரமம் என்றார். இரண்டாவது தடவை, செலவு தன்னுடையது, அனுமதி மட்டும் போதும் என்றார். மூன்றாவது தடவை டீக்கடையில் பூட்டையே எடுத்துக் காட்டினார். நான் மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன். "ரெண்டு வருசத்துல விக்கத்தானே போறேன், அம்புட்டையும் அப்ப மொத்தமா பாத்துக்கிடலாம் பாய்."

மனதில் இருந்தது வேறு. குடியிருப்பவர் சொந்தச் செலவில் ஒன்று செய்தால் நாளைக்கு அந்த உரிமையில் காலி செய்ய மறுப்பார் என்று எவனோ எப்போதோ சொன்னது என் மண்டைக்குள் கிடந்தது. ஜெய்லானியைப் பற்றி அப்படி நினைத்தேன். எழுதவே கூசுகிறது. அவர் முகம் கோணவில்லை. பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கான்சாபுரத்தில் விலைக்கு வந்த ஒரு வீட்டில் அதைப் பொருத்திவிட்டு வந்ததாக அவரே சொன்னார். யாரென்றே தெரியாத ஒரு குடும்பம் அந்தப் பூட்டுக்குள் பத்திரமாகக் குளிக்கிறது.

அவர் போனபின் எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டுப் பத்திரங்களில் "கதவு, நிலை, ஜன்னல் உள்பட" என்று ஒரு வரி வரும். முப்பது வருஷமாக எழுதுகிறேன். இப்போது அந்த வரி வந்ததும் கை நின்றுவிடுகிறது. "உடைக்கலாமாண்ணே?" என்று காதுக்குள் கேட்கிறது. கேட்கிற குரல் சில நாள் முருகேசன், சில நாள் ஜெய்லானி. எதிரில் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார், நான் உடை, உடை என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு பத்திரத்தில் எல்லையை மாற்றி எழுதிவிட்டேன்.

பெயர்த்த இடத்தில் புதுக் கதவு போட ஆசாரியைக் கூட்டிப்போனேன். எந்தப் பக்கமாகத் திறக்க வேண்டும் என்று கேட்டார். வெளிப்பக்கமாக என்றேன். "நல்லதுண்ணே, இது ஒண்ணே வீட்டுக்கு மதிப்புக் கூட்டும்" என்றார். நான் தெருவுக்கு வந்து நின்றுகொண்டேன்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் ஆமினாவிடம் சொல்லப் போனேன். அவர் இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்காமல் இருப்பது அவர்கள் வழக்கம். அறைக்கதவு சாத்தியிருந்தது. அவர் மகள் வெளியே உட்கார்ந்திருந்தாள். சாத்திய கதவைப் பார்த்து நான் எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று தடவை, டீக்கடை, கான்சாபுரம், என் புத்தி உட்பட.

உள்ளே சத்தமே இல்லை. "ஆமினாம்மா? ஆமினாம்மா?" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றார். பிறகு, "மூணு தடவையா கேட்டாவ?" என்றார்.

"ஆமாம்மா."

"ஊருக்கெல்லாம் செஞ்சியளே, எனக்கு ஒரு கதவு மாத்தித் தரலியேன்னு இம்புட்டு நாளா அவியளத்தான் ஏசிக்கிட்டிருந்தேன். தொழுதுட்டு ஏசுவேன். ஏசிட்டு அழுவேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எல்லாருக்கும் தெரியும்படியா எழுதிருங்கண்ணே. இனி ஒங்கள ஏசிக்கிடுதேன்."

எழுதிவிட்டேன். ஜெய்லானி மறக்கவில்லை. கேட்டார். நான்தான் கொடுக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று தங்கியது இதுதான். என் வீட்டில் யார் குளிக்கப் போனாலும், தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் நின்றால் நான் வெளியே போய் நின்று கூப்பிடுகிறேன். "என்னங்க, சும்மா சும்மா!" என்று உள்ளேயிருந்து என் மனைவி எரிந்து விழுகிறாள். அந்தக் குரல் வந்தபிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.