கடிதங்களில் இருந்த பொய்

இன்று மத்தியானம் பல்கலைக்கழகத்தில் யூதவியல் துறையின் விரிவுரை ஒன்றுக்குப் போனேன். அனுமதி இலவசம். நூறு வருடங்களுக்கு முன் கிழக்கு லண்டனுக்கு வந்த யூதத் தையல்காரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசினார்கள்.

எல்லாக் கடிதத்திலும் ஒரே பாட்டுத்தான்: "நல்ல வேலை. வயிறாரச் சாப்பிடுகிறேன்."

"முக்கால்வாசி பொய்," என்றார் பேராசிரியர்.

பக்கத்தில் இருந்த வயதான யூதப் பெண்மணி என் பக்கம் சாய்ந்து சிரித்தார். "என் அப்பாவும் இப்படித்தான் எழுதினார். அவருடைய அம்மா ஒன்றையும் நம்பவில்லையாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வேலை போய் இரண்டு மாதம். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு போன் எடுத்தேன்.

"அம்மா, எனக்கு வேலை போட்டுது."

"ஓம், தெரியும். ரெண்டு மாசமா நீ மனேச்சரைத் திட்டேல்லை. அப்பவே யோசிச்சனான்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." பிறகு அம்மாவும் ஒன்றைச் சொன்னார். "தம்பி, எனக்கு முழங்கால் நோ சுகமாயிட்டுது எண்டு சொன்னதும் பொய்தான்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போன் கார்டில் காசு முடிந்து லைன் அறுந்தது.

உங்கள் அம்மாமார் எதை நம்புவதுபோல நடிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.