ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது விநாடி

"அந்தப் பொம்பளை யாரு மச்சான்?"

"எந்தப் பொம்பளையும் இல்லைன்னு நான் சொல்லச் சொல்ல..."

"பாட்டுக்குள்ளே ஒருத்தி மூச்சு விடுறா. எனக்கென்ன காது செவிடா?"

"அது என் குரல்தான் நஜீஹா. மேலே ஏத்திப் பாடினா அப்படித்தான்..."

"உங்க மூச்சு எனக்குத் தெரியாதா? கல்யாணமாகிப் பதினோரு வருஷம். வருஷத்துக்கு ஒரு மாசம் லீவுல வந்தாலும் பக்கத்துலதானே படுத்தேன்?"

இது கட்டிவிட்ட கதை இல்லை. துபாய் கராமாவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஆகஸ்ட் மாதம், வெயில் கொளுத்துகிற பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.

நஜீஹாவுக்குக் காயல்பட்டினம். அந்த ஊரில் வீடு என்றால் பெண்ணின் வீடுதான். மாப்பிள்ளை வந்து போகிறவர். அப்படி வளர்ந்தவள் முப்பது நாள் விசிட் விசாவில் புருஷனின் ஒற்றை அறைக்கு வந்து, விருந்தாளி மாதிரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்ததற்குக் காரணமும் இருந்தது. ஆறு மாதமாகப் புருஷன் ஜாபர் சாதிக் போனில் சரியாகப் பேசுவதில்லை. "ஒரே ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி. அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுறேன். இந்தச் சம்பந்தமும் கலாஸ்," என்று ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், அவள் 'காக்கா' என்று கூப்பிடும் கலீல் ரஹ்மான், சொல்லி வைத்திருந்தார். சந்தேகம் உண்மையானால் கல்யாணம் முறிந்தது. பொய்யானால் மிச்ச நாளையாவது சந்தோஷமாகக் கழிக்கலாம். அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

ஜாபர் வேலை பார்ப்பது மொபைல் கடையில். கிறுக்கு மட்டும் ஒரே ஒரு பாட்டின் மேல்.

ஐம்பதுகளில் அமெரிக்கத் தெருமுனைகளில் நாலு பையன்கள் வாத்தியமில்லாமல் நின்று பாடுவார்களே, அந்த ஜாதிப் பாட்டு. ஒருவன் காதலியை நினைத்து உருகுவான். மற்ற மூவரும் "டூ... வா... டூ" என்று வாயாலேயே தாளமும் சுருதியும் போடுவார்கள். அதன்பிறகு ஆளாளுக்கு அதை எடுத்துத் தங்கள் பாணியில் பாடிவிட்டார்கள். குதிரைக்காரத் தொப்பி போட்ட ஒருவர், ஜமைக்காவின் ரெகே கும்பல் ஒன்று, மின்கிடாரில் கதறிய ஒருவன், பிலிப்பைன்ஸ் ஹோட்டல் பேண்டு, ஊத் என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிய ஒரு அரபி. ஜாபரின் லேப்டாப்பில் பதினான்கு இருந்தன. போதாதென்று தானும் விதவிதமாக ஐந்து செய்திருந்தான். நாலு குரலையும் அவனே பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான்.

பாடுகிற இடம் துணி அலமாரி. தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால் எதிரொலி வராது. ஏசி இரைச்சல் விழும் என்று அதையும் அணைத்துவிட வேண்டும். ஆகஸ்டில் நாலு நிமிஷத்துக்கு மேல் எந்த மனுஷனும் தாங்கமாட்டான்.

புதன்கிழமை அவன் டூட்டிக்குப் போனதும் நஜீஹா ஹெட்போனை மாட்டினாள். அவன் பாடிய ஐந்தையும் வரிசையாகக் கேட்டாள்.

முதலாவதில் ஒரு மூச்சு மட்டும். இரண்டாவதில் ஒரு முனகல். மூன்றாவதில் தெளிவான ஹம்மிங். ஐந்தாவதில் அந்தப் பெண் ஒரு வரி முழுக்கப் பாடினாள்.

எல்லாமே ஒரே இடத்தில் வந்தன. ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது விநாடியில்.

சரி, மாட்டினான் என்று நினைத்துக்கொண்டே மற்றவர்கள் பாடியவற்றையும் திறந்தாள். தொப்பிக்காரர் பாட்டில் 1:12. அவள். ரெகேயில் 1:12. அவள். அரபியின் பாட்டில் 1:12... அவளேதான். பாடியவர்கள் வேறு. நாடு வேறு. வருஷம் வேறு. பின்னால் நிற்பவள் மட்டும் ஒருத்தி.

இன்னொன்றும் உறுத்தியது. குரல் ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் மாறிக்கொண்டே வந்தது. யாரோ யாரையோ போலப் பாடிப் பழகுகிற மாதிரி.

அதே பாட்டுகளைத் தன் போனில் தேடி, கீழே போய்ச் சாயாக்கடை வாசலில் நின்று கேட்டாள். அங்கே எதிலும் அவள் இல்லை.

வியாழக்கிழமை மதியம் அவன் சாப்பிட வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"என் போன்ல இல்லை. உங்க லேப்டாப்புல மட்டும் இருக்கு. நீங்கதான் சேர்த்திருக்கீங்க."

"யாராவது செத்துப்போனவங்க பாட்டுல எல்லாம் போய் ஒரு பொம்பளையைச் சேர்ப்பாங்களா?"

"பிரியம் வச்சவன் எதையும் செய்வான்."

அவன் சோற்றை அளைந்தான். "ஆறு மாசமா எனக்கும் கேட்குது. சொன்னா நீ என்ன நினைப்பியோன்னுதான்... போன்லகூடப் பேச முடியலை."

"நல்ல கதை."

"நாளைக்கு நான் ஜும்மாத் தொழுகைக்குப் போயிடுவேன். நீயே அலமாரியில உட்காரு. வாயைத் திறக்காதே. ரூமை மட்டும் ரெக்கார்டு பண்ணு. நான் இல்லாதப்பவும் அவ வந்தா என் மேல தப்பில்லை. வரலைன்னா உன் காக்காவைக் கூப்பிட்டுக்கோ."

அவள் அதை ஒப்புக்கொண்டாள். ஆனாலும் அன்று சாயங்காலமே, 'சந்தேகம் தீரலை காக்கா' என்று அண்ணனுக்கு ஒரு மெசேஜ் போட்டாள்.

வெள்ளிக்கிழமை. 1:05. ஜாபர் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான். அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

1:14. ஏசியை அணைத்தாள். கட்டடமே அடங்கிக் கிடந்தது. தண்ணீர்க் குழாய்கூடச் சொட்டவில்லை.

1:15. அலமாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ரெக்கார்டரை அழுத்தினாள். சட்டைகளில் அவன் அத்தர் வாசம். கழுத்தில் வியர்வை வழிந்தது. பேய் பிசாசு அண்டாமலிருக்க, மனதுக்குள் ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டாள். உதடு அசையவில்லை.

நாலு நிமிஷம். ஒரு சத்தமும் இல்லை.

1:19. வெளியே வந்தாள். அறை அப்படியே இருந்தது. தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது. யாரும் வரவில்லை, தப்பு அவன் மேல்தான், நாளைக்கு ஊருக்குப் பெட்டி கட்டிவிடலாம் என்று நினைத்தபோது, அழுகை வருவதற்குப் பதில் ஒரு நிம்மதி வந்தது. ஹெட்போனை மாட்டி, பதிவானதைப் போட்டாள்.

முதல் நிமிஷம் வெறும் 'உஸ்ஸ்' என்ற வெற்றுச் சத்தம்.

1:12.

மூச்சு.

பிறகு பாட்டு. மெதுவாக, ரசித்து, நிறுத்தி நிறுத்தி. இந்த முறை அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. கல்யாண வீடியோவில் கேட்டிருக்கிறாள். வாய்ஸ் மெசேஜில் கேட்டிருக்கிறாள்.

அது நஜீஹாவின் குரல்.

மூன்றாவது நிமிஷத்தில் பாட்டு நின்றது.

டொக்... டொக்... டொக்.

வாசல் கதவு. அலமாரிக்குள் இருந்தபோது அவள் காதில் விழாத சத்தம்.

பாதங்கள். வெறுங்கால். அலமாரிப் பக்கமிருந்து வாசலை நோக்கிப் போயின. அங்கே பேச்சு. என்னவென்று பிடிபடவில்லை.

பிறகு பாதங்கள் திரும்பின.

நெருங்கின.

அலமாரி முன்னால் நின்றன.

ஒரு மூச்சு...

பதிவு அதோடு முடிந்தது.

அவள் செருப்பு மாட்டாமல் மூன்று மாடியும் இறங்கினாள். சுடுகிற நடைபாதையில் நின்றபோதுதான் கால் எரிந்தது. 1:50-க்கு ஜாபர் தொப்பியைக் கழற்றியபடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வந்தாளா?"

"உங்க மேல தப்பில்லை மச்சான். நான்தான்..." அவள் அவன் கையைப் பிடித்தாள். "இனி அந்த ரூமுக்குப் போகவேணாம். காக்கா வீட்டுக்குப் போயிடலாம். ரெண்டு பேரும்."

அவன் தன் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தான். அவள் அவன் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"காக்கா, நஜீஹா பேசுறேன்."

அந்தப் பக்கம் வண்டி ஹாரன் கேட்டது. 

"காக்கா? மச்சான் மேல ஒரு குத்தமும் இல்லை. அங்கே வேற பொம்பளையே இல்லை. எங்களை வந்து கூட்டிட்டுப் போங்க."

"நான் வந்தேனே," என்றார் கலீல் ரஹ்மான். குரலில் பாசம் இல்லை. எதையோ எடைபோட்டார். "உன் மெசேஜைப் பார்த்துட்டு, இன்னைக்கு ஜும்மாவுக்குக் கராமா பள்ளிக்கே வந்தேன். பள்ளிக்குப் போற வழியில மேலே ஏறிக் கதவைத் தட்டினேன். ஒண்ணு பதினெட்டு இருக்கும்."

அவள் மூன்றாவது மாடியை அண்ணாந்து பார்த்தாள். "யாரு... யாரு திறந்தா?"

"திறக்கலை. கதவுக்குப் பின்னாலே நின்னே பேசினா. வேத்து ஆம்பளைக்குப் பதில் சொல்ற மாதிரி. கூடப் பிறந்தவனுக்கு எவளாவது அப்படிப் பேசுவாளா? 'நஜீஹா இங்கே இல்லை, நேத்தே ஊருக்குப் போயிட்டா'ன்னு சொன்னா. விளையாடாதே, கதவைத் திறன்னேன். திறக்கலை. அப்போ நீ யாரும்மான்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'ஜாபர் வீட்டுக்காரி'ன்னு சொன்னா."

"காக்கா, அது நான் இல்லை. நான் அலமாரிக்குள்ளே இருந்தேன். சத்தியமா நான் இல்லை."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து கேட்ட குரல். இழுக்கிற இழுப்புகூட மாறலை. அவ பேசினது அப்படியே உன் குரல். இப்போ போன்ல கேட்குதே, இதே குரல்." அவர் வண்டியை ஓரமாக நிறுத்துவது கேட்டது. "அப்போ இப்போ பேசுறது என் தங்கச்சிதான்னு நான் எதை வச்சு நம்புறது?"