வெர்னா வரும்வரை பட்டனைத் தொடாதீர்கள்

குவார்ட்சைட் என்ற சிற்றூருக்கு வெளியே, குளிர்காலத்தில் நாங்கள் வண்டிகளோடு வந்து தங்கும் பாலைவெளியில் வெர்னா டோலெஃப்சனைத் தெரியாதவர்கள் இல்லை. வடக்கு டகோட்டாவில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ்களைப் பழுது பார்த்தவள். வயது அறுபத்து மூன்று. ஒரு சின்ன டிரெய்லரில் தனியாக வருவாள், நவம்பரில். ஏப்ரலில் வெயில் ஏறியதும் போய்விடுவாள்.

இங்கே முக்கால்வாசிப் பேருக்கு வண்டிதான் வீடு. ஓடும்போது உள்ளே ஒடுக்கமாக இருக்கும். நிறுத்திவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் சோபாவும் அலமாரியும் சுவருமாகச் சேர்ந்து ஓர் அறை மூன்றடி வெளியே நீளும். அதை ஸ்லைடு என்போம். சிலருக்கு அது நீளாது. நீளாதபோது வெர்னாவைக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் தங்களால் ஆனதையெல்லாம் செய்து பார்த்திருப்பார்கள். அவள் வேலையில் பாதி அதைச் சரிசெய்வது.

“வேலை செய்யல” என்று சொன்னால் வெர்னா காதில் வாங்கமாட்டாள். “சத்தம் வருதா, வரலையா?” என்று கேட்பாள். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் அங்கே போய்ச் சேரவில்லை. டிக் என்று மட்டும் கேட்டால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. மோட்டார் சுற்றியும் அறை அசையாவிட்டால் இரண்டையும் இணைக்கும் ஊசி முறிந்திருக்கிறது. முனகினால் எதுவோ அறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நான்கையும் வைத்துக்கொண்டு அவள் எங்கள் எல்லாரையும் வாழவைத்திருக்கிறாள்.

ஒருமுறை, ஓய்வுபெற்ற விமானி ஒருவர் காலையிலிருந்து தன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெர்னா உள்ளே ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பட்டனை அழுத்தினாள். அறை வெளியே வந்தது.

“கேப்டன், ப்ளேன் கதவ வானத்துல தொறப்பீங்களா?”

“மாட்டேன்.”

“இதுவும் தொறக்காது. வண்டி நின்னுடுச்சுன்னு அதுக்கு யாராவது சொல்லணும்ல.”

விமானி அடுத்த இரண்டு நாள் எங்கள் பக்கம் வரவில்லை.

போன ஜனவரியில் அயோன் கிராஸும் அவள் கணவர் வெண்டெலும் நெப்ராஸ்காவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பதினோரு வருஷமாக அவர்களுக்கு அந்த வண்டிதான் வீடு. வெண்டெலுக்கு நடுக்கு வாதம். கை ஆட்டம் நிற்காது. நான்கு கால் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். இப்போதெல்லாம் ஓட்டுவது, தண்ணீர்க் குழாய் மாட்டுவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எல்லாமே அயோன்தான்.

அன்று நடுப்பகல். வண்டியை நிறுத்தி, மட்டம் பார்த்து, பட்டனை அழுத்தியிருக்கிறாள். ஸ்லைடு நகரவில்லை. ஸ்லைடு உள்ளே இருந்தால் நடைவழி ஒன்றரை அடி. ஊன்றுசட்டம் நுழையாது. வெண்டெலால் கட்டிலுக்கும் போக முடியாது, கழிவறைக்கும் போக முடியாது. முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் மடக்கு நாற்காலிகளோடு போய்ச் சேர்ந்தோம். இங்கே யாருக்காவது ஸ்லைடு நகரவில்லையென்றால் அப்படித்தான். ஆளுக்கொரு யோசனை. டுவெய்ன் இன்ஷூரன்ஸ் விற்றவன். அவன் உள்ளே போய்ப் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினான். கொஞ்ச நேரம் முனகிய மோட்டார் பிறகு அடங்கிவிட்டது.

அயோன் வாசலில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். “வண்டிய வாங்கறேன்னு சொன்னாரே, சனிக்கிழம அந்த ஆள வரச்சொல்லு. குடுக்கறதக் குடுக்கட்டும். அப்பாவுக்கு அந்த முதியோர் இல்லத்துல எடம் கேட்டியே, அதயும் சொல்லிடு. என்னால முடியல.”

வெண்டெலுக்குக் கேட்கும்படிதான் பேசினாள். போனை வைத்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

“வர்ற வழியில கிங்மன்ல நிறுத்தினப்ப பேட்டரியத் தொட்டியா இல்லையா?”

“ஒரு நட்டு லூசா இருந்துது. முறுக்கினேன்.”

“இந்தக் கையோட.”

“வேற கை இல்லையே அயோன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். “நான்தான் கெடுத்திருப்பேன்” என்றார்.

வெர்னா வந்ததும் முதலில் டுவெய்னைப் பார்த்தாள். “எத்தன தடவ அழுத்தின?”

“ஒரு பத்து தடவ இருக்கும்.”

“பத்தா?”

“முப்பது.”

“கதவு தொறக்கலேன்னா பாலிசி விக்கப் போன வீட்டுலயும் இப்படித்தான் பெல் அடிப்பியா?”

“தொறந்திருக்காங்க” என்றான் டுவெய்ன்.

பிறகு வெர்னா சத்தத்தைப் பற்றிக் கேட்டாள். முதலில் முனகல், பிறகு ஒன்றுமில்லை என்றோம். மோட்டார் சூடேறித் தானாகவே நின்றிருக்கிறது, ஆறினால் சரியாகிவிடும், கால் மணி நேரம் யாரும் பட்டன் பக்கம் போகக்கூடாது என்றாள். அதன்பின் அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். படியில் உட்கார்ந்து, கடைசியாக ஸ்லைடு ஒழுங்காக நகர்ந்த இடத்திலிருந்து இங்கே வரை நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள்.

அயோனுக்குப் பொறுமையில்லை. “சொல்ல என்ன இருக்கு? இவர் பேட்டரியக் குடஞ்சாரு. அதான் நடந்துது.”

“அப்ப அதையே மொதல்ல பாப்போம்.”

வெர்னா பேட்டரிப் பெட்டியைத் திறந்து மீட்டரை வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது; பேட்டரியில் குறையில்லை. ஸ்பேனரை எடுத்து வெண்டெல் முறுக்கிய நட்டின்மேல் போட்டு அசைத்தாள். அசையவில்லை. எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“வெண்டெல், இத நான் முறுக்கியிருந்தாலும் இவ்வளவுதான். முறுக்காம விட்டிருந்தீங்கன்னா வழியிலயே நின்னிருப்பீங்க.”

வெண்டெல் தொடைக்குக் கீழிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது ஆடியது.

வெர்னா டார்ச்சோடு உள்ளே போனாள். ஸ்லைடின் விளிம்பை ஒட்டி மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே, விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். இப்படி நிதானமாகத் தேட அவளால்தான் முடியும். நாங்களாக இருந்தால் இந்நேரம் மோட்டாரைக் கழற்றியிருப்போம். பின்பக்கம், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. அதை விலக்கினாள்.

திரைக்குப் பின்னால் ஒரு பச்சைத் துடைப்பக் கழி. தலையைக் கழற்றிவிட்டு, ஸ்லைடுக்கும் சுவருக்கும் இடையில் இறுக்கமாகச் செருகியிருந்தது.

“இது யாரு வச்சது?” என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அயோன் எட்டிப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

கிங்மன் தாண்டி வளைவுகளில் ஸ்லைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவி இரைந்திருக்கிறது. பாதையோரம் நிறுத்திக் கழியைச் செருகியிருக்கிறாள். வெண்டெல் அப்போது சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னும் நூறு மைல் ஓட்டி, வந்து, மட்டம் பார்த்து, குழாய் மாட்டி... கழி நினைவிலேயே இல்லை. எங்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்கிறோம். ஒப்புக்கொண்டவர்கள் குறைவு.

“நான்தான்” என்றாள் அயோன். பிறகு முன்சீட்டைப் பார்த்து, “வெண்டெல், நான்தான்.”

“கேட்டுது” என்றார் அவர். “அப்ப அந்த இல்லத்துல ரெண்டு எடம் கேக்கணும் போல.”

அயோன் சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது. டுவெய்ன் நாற்காலியை மடக்கி விரித்தான். நாங்கள் மலையைப் பார்த்தோம்.

வெர்னா கழியைத் தட்டி எடுத்தாள். “பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கறது யாரு?” என்று கேட்டாள்.

“எல்லாம் நான்தான். இவர் சுத்தி வர அரை மணி நேரம் ஆகும்.”

“ஆகட்டும். அறைக்கு என்ன அவசரம்? பஸ் டிப்போல சுத்திப் பாத்த ஆளே வண்டிய எடுத்தா விடமாட்டோம். அழுத்தற ஆளு வேற, பாக்கற ஆளு வேற. நீ அழுத்து. அவர் உள்ள எட்டிப் பாத்து, வெளிய சுத்தி வந்து, சரின்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் உன் விரல் பாக்கெட்ல இருக்கணும்.”

அயோன் பட்டனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையை நிஜமாகவே பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள். வெண்டெல் முன்சீட்டருகே நின்றபடியே ஸ்லைடின் ஓரத்தைக் கடைசிவரை டார்ச் அடித்துப் பார்த்தார். பின் படி இறங்கினார். இறங்கவே இரண்டு நிமிஷம். சரளையில் சட்டம் ஒவ்வொரு அடிக்கும் சிக்கியது. யாரும் கை கொடுக்கவில்லை. வெர்னா எங்களை ஒரு பார்வை பார்த்திருந்தாள். வெண்டெல் வண்டியின் மூக்கைச் சுற்றி மறைந்தார். வெகுநேரம் ஒன்றும் இல்லை.

உள்ளே அயோனின் போன் அடித்தது. மகள். “சனிக்கிழம வேணாம்” என்றாள் அயோன். “மார்ச் வரைக்கும் பாக்கலாம். இல்ல, இன்னும் நீளல. அப்பா வெளிய இருக்காரு. அவர் சொல்லணும்.”

பின்பக்கத்திலிருந்து வெண்டெலின் குரல் வந்தது.

“டுவெய்ன், அந்த நாற்காலிய எடு. அறை வர்ற எடத்துல உக்காந்திருக்க.”

டுவெய்ன் எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனான்.

“இன்னும் கொஞ்சம்” என்றார் வெண்டெல்.