ஒற்றைக் கண்ணில் ஒரு கோட்டை

கோட்டை வாசலில் நின்று அவர் இடக்கண்ணை மூடினார். வலக்கண்ணுக்கு வளைவு தெரிந்தது. அதில் செதுக்கிய எழுத்துகள் பாலாடை படிந்தாற்போல் கலங்கிக் கிடந்தன. கண்ணை மாற்றி மூடிப் பார்த்தார். இடக்கண்ணுக்கும் எழுத்து கூடவில்லை.

"யாரப் பாத்து இப்படிக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"தூசி."

"நல்ல தூசிதான். பச்சைக் குடை புடிச்சுக்கிட்டுப் போகுது" என்று எதிரே போன பெண்ணைக் காட்டினான் அவள் தம்பி. "மாமா, இந்த வயசுல தேவையா?"

அவர் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவர் டவுன் பஸ் டிரைவர். தலை கறுத்திருந்த காலம்தொட்டு ஒரே வேலை. திங்கட்கிழமை டிப்போவில் கண் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. சனி ஞாயிறு ஊர் பார்க்கப் போகலாம் என்று மனைவி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுத்தால் காரணம் கேட்பாளே என்று கிளம்பி வந்திருந்தார்.

வந்த இடத்தில் பார்த்ததெல்லாம் பரிசோதனையாகிவிட்டது. அருங்காட்சியகத்தில் எல்லாரும் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டி நிற்க, இவர் மட்டும் எதிர்ச்சுவரோரம் நின்றார்.

"கிட்ட வந்து பாருங்களேன்."

"இங்கேருந்தே தெரியுது. ராஜாவோட வாள்."

"வாளா? கைத்தடிங்க அது!"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மனைவியும் சிரித்தாள். அவர் அடுத்த அறைக்கு நடந்தார்.

சொந்த ஊரில் அவர் பஸ்ஸின் போர்டைப் படித்ததே இல்லை. நசுங்கிய பம்பரும் இன்ஜின் இருமலுமே எந்த வண்டி வருகிறது என்று சொல்லிவிடும். இங்கே எல்லாம் முகம் தெரியாத வண்டிகள். மாலையில் பஸ் நிலையத்தில், "மாமா இருக்க நமக்கென்ன கவலை" என்று தம்பி பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்து, "இதான் ரயிலடி வண்டி, ஏறுங்க" என்றார்.

ஊர் எல்லை தாண்டித்தான் கண்டக்டர் வந்தார். "ரயிலடியா? இது அணைக்கட்டுக்குப் போற வண்டிங்க."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். "பஸ் ஓட்டுறவரே பஸ் மாத்தி ஏத்திட்டாரு! இத ஊர் பூரா சொல்லணும்" என்றான் தம்பி.

மனைவி இம்முறை சிரிக்கவில்லை. சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். "இடது கண்ணா, வலதா?"

"வலது. இப்ப இடதும் மங்குது."

"எப்பலேருந்து?"

"வெயில் காலத்துலேருந்து. திங்கக்கிழமை டெஸ்ட்."

"நான் தினம் வேலைக்குப் போறது உங்க வண்டியில. ஞாபகம் இருக்கா? உங்க முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கேன்."

அவர் சாலையைப் பார்த்தார். தொலைவில், சாலைத் திருப்பத்தில் இரண்டு விளக்குகள் தெரிந்தன.

"வண்டி வருது மாமா! நம்மளுதா பாருங்க."

"தெரியல மாப்ள" என்றார் அவர். "எனக்குப் போர்டு தெரியல. நீ படிச்சுச் சொல்லு."

தம்பி ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு சாலையோரம் போய் நின்று சத்தமாகப் படித்தான்.