இரண்டாவது புட்டி

அன்னவாசல் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வீரய்யா, ஊராருக்கு மனுவும் எழுதித் தருவார். கடவுள் இல்லை, சாதி இல்லை, ஆதாரம் இல்லாத பேச்சுக்குத் தம் கடையில் இடம் இல்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு நிமிர்வு. கடையின் பின்சுவர் முழுக்கப் புத்தகம். வந்தவர்கள் கேட்காவிட்டாலும் அவற்றிலிருந்து எடுத்துச் சொல்வார்.

பிப்ரவரியில் மகள் இலக்கியாவுக்கு வயிறு கெட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் நேரம். மருந்துக்கு நான்கு நாள் நிற்கும், மறுபடி வரும். தண்ணீரால் வருவது என்றார் மருத்துவர். வீரய்யாவுக்கு அந்த ஒரு சொல் போதும். அன்றே தம் ஊர் ஊராட்சிக்கு மனு போட்டார்: மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவதில்லை, குளோரின் கலப்பதில்லை, தொட்டி இயக்கும் அருள்தாஸ் கடமை தவறிவிட்டார்.

அவர் எழுதிய பட்டா மனுக்கள் ஏழு வருடமாகக் கிடக்கும் அதே நாட்டில், ஓர் ஏழையின் வேலையைப் பிடுங்கும் மனு ஒன்பதே நாளில் நகர்ந்தது. மார்ச் இருபத்திரண்டு கிராம சபையில் புகார் உறுதியானால் வேறு ஆள் என்று அருள்தாஸுக்கு நோட்டீஸ் போனது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு அருள்தாஸ் கடைக்கே வந்தார்.

"அண்ணே, மாசம் ரெண்டு தடவ கழுவுறேன். குளோரின் தெனமும் கலக்குறேன். ஒங்க வீட்டு ஃபில்டர ஒருக்கப் பாருங்களேன்."

"அதுக்கு மீட்டர் வாங்கி வச்சிருக்கேன்பா. எம்பது காட்டுது. நல்ல தண்ணி."

"மீட்டரு உப்பத்தானேண்ணே காட்டும். கிருமியக் காட்டுமா?"

"அறிவியல நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

படித்தவர் திமிரைக் கேலி செய்ய பகுத்தறிவு மேடைகளில் வீரய்யா நடித்துக் காட்டும் வாக்கியம் அதுதான். நடிக்காமலே வந்துவிட்டது.

சரி, ஆதாரம். இரண்டு புட்டிகளில் தண்ணீர் பிடித்தார். முதலாவது தெருக்குழாய்த் தண்ணீர். நல்ல தண்ணீர் எப்படி இருக்கும் என்று சபைக்குக் காட்ட, இரண்டாவது தம் வீட்டு ஃபில்டர் தண்ணீர். புதுக்கோட்டையில் பரிசோதனைக்குக் கொடுத்தார். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு முடிவு வந்தது. குழாய்த் தண்ணீரில் கிருமி இல்லை. ஃபில்டர் தண்ணீரில் இருந்தது.

ஆய்வகத்துக்குப் போன் செய்தார். "புட்டி மாறிருச்சுங்களா?"

"பேர் எழுதி ஒட்டினது நீங்கதான சார்."

ஒட்டியிருந்தார், அழகான கையெழுத்தில்.

மெக்கானிக் கோபிநாத் வந்து ஃபில்டரைக் கழற்றினான். உள்ளிருந்த கரிக்குழல் பாசி பிடித்து, தொட்டால் வழுக்கியது.

"தொட்டிக்காரர் போட்ட குளோரின இந்தக் கரி எடுத்துரும் சார். அப்புறம் உள்ள எது வளந்தாலும் கேக்க ஆளில்ல. வருசா வருசம் மாத்தணும். தண்ணி மெதுவா வரலையா?"

"நூல் மாதிரி வந்துச்சு," என்றாள் அவர் மனைவி பிரகதீஸ்வரி. "மெதுவா வந்தா நல்லா வடிகட்டுதுன்னு அர்த்தம்னாரு."

"ஆயுத பூசைக்கு ஊர் முழுக்க மாத்துறேன். இங்கிட்டு மட்டும் வரக்கூடாதுன்னுட்டீங்க."

அது உண்மை. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் கோபிநாத் வீடுவீடாகப் போய்க் குழலை மாற்றி, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துவிட்டு வருவான். இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கும் மூடத்தனம் தம் வாசலுக்கே வரக்கூடாது என்று விரட்டியவர் வீரய்யா. பொட்டு வைத்த வீடுகளில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. பகுத்தறிவாளர் வீட்டில்தான் கிருமி குடும்பம் நடத்தியது.

"பொட்டு வேணாம்னா வைக்காமப் போயிருப்பேன் சார். கொழல மாத்துறதுக்கும் சாமிக்கும் என்ன இருக்கு?" என்றான் கோபிநாத்.

இவ்வளவு எளிய பகுத்தறிவு பின்சுவரில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று வீரய்யாவுக்குத் தெரியவில்லை.

முடிவுத் தாள் அவரிடம் மட்டும்தான் இருந்தது. கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த யோசனை வரத்தான் செய்தது. அது வந்தது என்பதே அவரைச் சுட்டது. போனார்.

எழுந்து இரண்டு முடிவுகளையும் படித்தார். இரண்டாவது புட்டி யார் வீட்டுத் தண்ணீர் என்பதையும் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. அருள்தாஸ் சிரிக்கவில்லை.

"வாயால சொன்னா நோட்டீஸ ரத்து பண்ண முடியாதுங்க," என்றார் ஊராட்சிச் செயலர். "எழுத்துல குடுங்க. காரணம் போட்டு."

எத்தனையோ மனு எழுதிய கை, அந்த ஒரு வரிக்குத் திணறியது. 'என் வீட்டு ஃபில்டர் குழலை நான் நான்கு ஆண்டுகளாக மாற்றாததே காரணம். அருள்தாஸ் மீது தவறில்லை' என்று எழுதி, உரக்கப் படித்தார்.

"அஞ்சு வருசம்ங்க," என்றாள் பிரகதீஸ்வரி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நான்கை அடித்து ஐந்தாக்கி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, தாளை அருள்தாஸ் கையிலேயே கொடுத்தார். அருள்தாஸ் அதை முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துவிட்டுத்தான் செயலரிடம் நீட்டினார்.