அப்பா பிடித்த சக்கரம்

கோவில் விபூதியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார் என் அப்பா. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டிய பிறகும் கண்ணை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். கண்டியில் கடை வைத்திருப்பவன் இப்படி இல்லாவிட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. நானும் அதே இரத்தம். நாலாம் வகுப்பிலேயே, பக்கத்தில் இருப்பவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிக்கிற பிள்ளை.

அப்படிப்பட்டவர் புரட்டிப் பார்க்காமல் வாங்கிய ஒரே பொருள் மாமாவின் கெப் வண்டி. மாமா அம்மாவின் ஒரே தம்பி. தெல்தெனியவில் பழைய வாகனங்களை வாங்கி விற்பவர். கடைக்குச் சாமான் ஏற்ற அப்பா வாகனம் தேடிக்கொண்டிருப்பது தெரிந்ததும், தான் ஓட்டிய ஜப்பான் கெப்பையே கொண்டுவந்து நிறுத்தினார். சொந்தத்துக்குள் அடியில் படுத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அப்பாவும் வாயை மூடிக்கொண்டார்.

நேரே போகும்வரை கெப்பில் ஒரு குறையும் இல்லை. இறுக்கி வளைக்கும்போது மட்டும் பின்பக்கம் அடியில் 'டக்... டக்' என்று யாரோ கதவைத் தட்டுவார்கள். கண்டியில் வளைவில்லாத வீதிக்கு எங்கே போவது? ஒவ்வொரு தட்டலுக்கும் அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா உடனே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

எங்கள் கடைக்கு எதிர்க்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. அவர் கெப்பின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கவைத்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினார்.

"இதை முன்னுக்குச் சுத்தினா மத்தது பின்னுக்குச் சுத்தணும். இங்க பாருங்க, ரெண்டும் ஒரே பக்கம் போகுது. உள்ளுக்குப் பல்லு ஒடைஞ்சி வெல்ட் அடிச்சி ஒட்டியிருக்காங்க."

நானும் குனிந்து பார்த்தேன். இரண்டும் ஒரே பக்கம்தான் போயின. மாமா வரும்போதெல்லாம் எனக்கு டொஃபி கொண்டுவந்தது எதற்கென்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. பிறந்தநாளுக்கு அவர் தந்த குடையைக்கூட விரித்து, எங்காவது ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பார்த்தேன்.

அன்று பகல் சாப்பாட்டின்போது அப்பா தீர்ப்புச் சொன்னார். என் குட்டித் தங்கச்சியின் காதுகுத்துக்கு அந்த ஏமாற்றுக்காரன் வரவேண்டாம். தாய்மாமன் மடியில் வைக்காமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்தினால் கோவிலுக்கு வந்த சனம் வீடு போய்ச் சேரும்வரை அதைத்தான் பேசும். அதுகூடப் போகட்டும். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது மாமா ஒருவர்தான். அவரையும் விட்டுவிட்டால் யாருமில்லை. அம்மா அதற்குப் பிறகு எங்களுக்குச் சோறு போட்டார், துணி துவைத்தார், பேசத்தான் மறந்துபோனார்.

காதுகுத்துக்கு முந்தின வாரம், காலை மழையில் நனைந்துகொண்டு மாமா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. கெப்பை ஜாக்கி போட்டுத் தூக்கித் தரும்படி மட்டும் கேட்டார்.

"வெல்ட் இல்ல மச்சான். இது லிமிடெட் ஸ்லிப். நீங்க காலால மிதிக்கிறீங்களே கிளட்ச், அந்த மாதிரி சின்னச் சின்னத் தட்டு பின்னுக்கும் இருக்கு. ஒரு சக்கரம் சேத்துல சும்மா சுத்தினா அந்தத் தட்டுங்கதான் மத்த சக்கரத்துக்கும் இழுவை குடுக்கும். சாதாரண ஒயில் ஊத்தினா வளைவுல இப்பிடித்தான் தட்டும்."

"வாய் இருந்தா என்னமும் சொல்லலாம்" என்றார் அப்பா.

"அப்ப நீங்களே பாருங்க. அந்தச் சக்கரத்த இறுக்கிப் பிடிங்க. நான் இந்தப் பக்கம் கம்பி போட்டுச் சுத்துறேன். வெல்ட் அடிச்சிருந்தா ஒங்களையும் சேத்துச் சுத்தும், ஒங்க பிடி பலமா இருந்தா என்னோடதும் நிக்கும். தட்டுன்னா ஒங்களோடது அசையாது, என்னோடது மட்டும் கஷ்டப்பட்டுச் சுத்தும்."

சோதனை நியாயமானது. எனக்கே பிடித்திருந்தது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் எடுத்துவிட்டார்கள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தின் முன் குந்தினார். நான் அவர் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். கெப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மாமாவால் எங்களைப் பார்க்க முடியாது. அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

மாமா பெரும் பாரம் இழுப்பவர்போல முனகத் தொடங்கினார். எங்கள் பக்கத்துச் சக்கரம் மெல்ல நகர்ந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அப்பாவின் உள்ளங்கைகள் டயரின் மேல் சும்மா கிடந்தன. இறுக்கிப் பிடிக்கவே இல்லை. டயரில் ஒட்டியிருந்த களிமண் அந்தக் கைகளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு லேசாகச் சுற்றும் சக்கரத்துக்கு மாமா எதற்கு முனகுகிறார் என்பது எனக்கு இன்னொரு சந்தேகம்.

"பிடிங்கப்பா" என்று கிசுகிசுத்தேன். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எப்பிடி மச்சான்?" என்று அந்தப் பக்கமிருந்து மாமா கேட்டார்.

"அசையவே இல்ல" என்றார் அப்பா, வீடு முழுக்கக் கேட்கும்படி. "நீ சொன்னது சரிதான். ஒயிலை மாத்திக்கிறேன். காதுகுத்துக்கு நேரத்தோட வந்துடு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணுகிற என் அப்பா, கைக்குள் சுற்றிய சக்கரத்தைச் சுற்றவில்லை என்கிறார். மாமா கெட்டிக்காரர், என் அப்பாவைக் கண்முன்னாலேயே ஏமாற்றிவிட்டார் என்று பல்லைக் கடித்தேன். அம்மா தங்கச்சியின் தலைமயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. அப்பா சேறு பிடித்த கைகளை அப்படியே நீட்டிக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை துடைக்கத் துணிதான் கேட்கிறார் என்று நினைத்து, நான் எழுந்து உள்ளே ஓடினேன்.